எம்.பி. கடிதம் எங்கே போய் நிற்கிறது

இலங்கை நாடாளுமன்றம் பெரும்பாலும் மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் செவ்வாய் தொடக்கம் வெள்ளி வரை கூடும். ஆகவே திருகோணமலை எம்.பி.மாரை ஊரில் பிடிப்பதென்றால் சனி, ஞாயிறு, திங்கள், இல்லையேல் அமர்வில்லாத வாரம். அந்த நாட்களில் அவர்களுடைய அலுவலக வாசலில் நிற்பவர்களின் கையிலுள்ள கடிதங்களைப் பார்த்தால், எம்.பி. ஒருவர் உத்தரவிட்டுச் செய்விக்க முடியாத காரியங்கள்தான் நிறைய இருக்கும். ஆசிரிய இடமாற்றம், அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் பெயர், காணிக்கு அனுமதிப்பத்திரம், ஒழுங்கைக்குக் கொங்கிறீட். எம்.பி.யும் முடியாதென்று வாய்விட்டுச் சொல்வதில்லை, ஒரு கடிதம் தருவார். அது யாரோ ஒருவருடைய கோவைக்குள், அதாவது பைலுக்குள், போய்ப் படுத்துக்கொள்ளும்.

சட்டப்படி பார்த்தால் எம்.பி. ஒருவருக்கு எந்த அரச உத்தியோகத்தரையும் ஏவும் அதிகாரம் கிடையாது. அவரிடம் இருப்பவை நான்கு: கடிதம், சபையில் கேள்வி, குழுக் கூட்டங்களில் ஓர் இருக்கை, பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் (ஊர் வேலைகளுக்கு அவர் முன்மொழியக்கூடிய பணம்) ஒரு சிறு பங்கு. எந்தப் பிரச்சினைக்கு எதைப் பயன்படுத்துவது என்று கேட்டுப் போகிறவருக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கும் முன்னால் தெரிய வேண்டியது, பிரச்சினை யாருக்குச் சொந்தம் என்பது.

இங்கேதான் கிழக்கு மாகாணத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 37 உறுப்பினர்களைக் கொண்ட கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் மாதத்தோடு முடிந்தது. அதில் திருகோணமலை மாவட்டத்துக்கு 10 ஆசனங்கள் இருந்தன. அதன்பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆனால் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணத்துக்குப் போன வேலைகள் மாகாணத்திடமே இருக்கின்றன: பெரும்பாலான பாடசாலைகள், கிராமிய வைத்தியசாலைகள், மாகாண வீதிகள், உள்ளூராட்சி மேற்பார்வை. நிர்வாகம் ஆளுநர், பிரதம செயலாளர், அமைச்சுச் செயலாளர்கள் கையில் ஓடுகிறது. கேள்வி கேட்க ஒரு சபை மட்டும் இல்லை. முன்பு மாகாண சபை உறுப்பினரிடம் போன முறைப்பாடு இப்போது எம்.பி.யிடம் போகிறது. அவர் அதைக் கொழும்பில் கல்வி அமைச்சருக்கு எழுதினால் அமைச்சு அதை மாகாணத்துக்குத் திருப்பும், மாகாணம் கல்வி வலயத்துக்குத் திருப்பும். கடிதம் கொழும்பு போய் மறுபடி திருகோணமலைக்கே வந்து சேர்வதற்குள் தவணை முடிந்துவிடும். மாகாணக் கல்வித் திணைக்களம் இருப்பது திருகோணமலையில்தானே! எம்.பி. தன் அலுவலகத்திலிருந்து நடந்துபோய்க் கொடுத்திருக்கலாம்.

வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை, அதாவது மத்திய அரசு. அம்பேபுஸ்ஸையிலிருந்து வரும் ஏ6, மட்டக்களப்பிலிருந்து மூதூர்ப் பக்கமாக வரும் ஏ15 இரண்டும் இதில் அடங்கும். சீ, டீ வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள்ளூர் ஒழுங்கைகள் நகர, பிரதேச சபைகளுக்கு. வயலுக்குப் போகும் பாதைகள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமோ நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ இருக்கலாம். ஒரே நேர் வீதியில் இரண்டு கிலோமீற்றருக்குள் சொந்தக்காரர் மாறுவதும் உண்டு. பிரதேச சபையிடம் வீதிப் பதிவேடு இருக்கிறது, அங்கே கேட்டால் தெரியும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வீதியென்றால் முதல் கோரிக்கை திருத்தம் அல்ல, அதைப் பதிவேட்டில் ஏற்றுவது. பதிவில்லாத வீதிக்கு அரச பணம் செலவிட்டால் கணக்காய்வு கேள்வி கேட்கும். ‘செய்கிறோம்’ என்று தலையாட்டும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பிறகு கையெழுத்து வைக்காமல் இழுத்தடிப்பதற்கு இதுதான் காரணம், சோம்பேறித்தனம் அல்ல.

குளமும் அப்படியே. கந்தளாய்க் குளம் போன்ற பெரிய திட்டங்கள் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். 80 ஹெக்டேயருக்குக் குறைந்த பாசனப் பரப்புள்ள சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம். இடையில் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களமும் இருக்கிறது. தண்ணீர் எந்தத் திகதியில் திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதெல்லாம் போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, நடுப் போகத்தில் எம்.பி.யைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் திறக்கும் துருசடிக்குப் போவதால் ஆவது ஒன்றுமில்லை. தீர்மானத்தை மாற்றும் அதிகாரம் துருசடியில் நிற்கும் எவருக்கும் இல்லை.

காணிதான் மிகச் சிக்கலானது. திருகோணமலையில் ஒரு துண்டு நிலத்துக்குப் பிரதேச செயலாளர், வன இலாகா, வனஜீவராசிகள் திணைக்களம், தொல்பொருள் திணைக்களம், துறைமுக அதிகார சபை, கடற்படை என்று பல பேர் உரிமை சொல்ல முடியும். சம்பூரை நினைத்துப் பாருங்கள். 2006 இல் இடம்பெயர்ந்த மக்கள் கிளிவெட்டி முகாமிலும் மணற்சேனையிலும் ஆண்டுக்கணக்காகக் கிடந்தார்கள். அவர்களுடைய நிலத்தில் 818 ஏக்கர் முதலீட்டு வலயத்துக்கென 2012 இல் ஒதுக்கப்பட்டது. அது வர்த்தமானி மூலம் போன நிலம். வர்த்தமானியால் போனதைப் பிரதேச செயலாளருக்கு எழுதும் கடிதத்தால் மீட்க முடியாது. 2015 மே மாதம் ஜனாதிபதி மட்டத்தில் அந்த ஒதுக்கீடு இரத்துச் செய்யப்பட்ட பிறகே வழி திறந்தது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் தனியாக, 2016 இல் வந்தது. ஒரே ஊர், இரண்டு துண்டு, இரண்டு வேறு சாவி. ஆகவே காணி விடயத்தில் எம்.பி.யிடம் போக முன், எந்த வர்த்தமானி, எந்தத் திகதி, எந்த வரைபட இலக்கம் என்பதைத் தேடி எடுங்கள். வன இலாகா எல்லைக்கல் நட்ட நிலமென்றால் கல்லின் இலக்கத்தோடு படம் எடுங்கள்.

மாறாக, அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்துவிட்டார், பிள்ளைகளுக்குள் யார் பெயருக்கு மாற்றுவது என்பது எம்.பி.யின் விடயமே அல்ல. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையில் வரிசை எழுதப்பட்டிருக்கிறது. பிரதேச செயலகக் காணிக் கிளைக்கு நேரே போகலாம். அஸ்வெசுமவும் இப்படித்தான். மேன்முறையீட்டுக் காலத்துக்குள், குடும்ப இலக்கத்தோடு, பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவில் பதிய வேண்டும். பட்டியலில் பெயர் சேர்க்கும் பேனை எந்த எம்.பி.யிடமும் இல்லை. எம்.பி. செய்யக்கூடியது வேறு: ஒரு கிராமத்தில் ஒரே மாதிரியான பிழை பலருக்கு நேர்ந்திருந்தால், உதாரணமாக கடற்றொழிலாளருடைய வருமானம் மீன்பிடிக் காலத்தை மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டிருந்தால், அதை ஒரு கொள்கைக் கேள்வியாக அமைச்சுக்குக் கொண்டுபோவது. தனி ஆளுக்கு விண்ணப்பம், ஊருக்கு எம்.பி. என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, கடிதத்துக்கு வருவோம்.

மூதூர்ப் பக்கத்தில் ஒரு பிரதேச சபை வீதியில் மதகு உடைந்துவிட்டது என்று வையுங்கள். வழக்கமாக வரும் கடிதம் ‘எமது கிராம மக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகியுள்ளனர்’ என்று தொடங்கி, மதகோடு சேர்த்துத் தெருவிளக்கு, விளையாட்டு மைதானம், பஸ் சேவை எல்லாம் கேட்டு முடியும். அந்தக் கடிதத்தை எந்தக் கிளைக்கு அனுப்புவது என்றே எம்.பி.யின் செயலாளருக்குத் தெரியாது. வேலை செய்யும் கடிதம் வறட்சியாக இருக்கும்: ‘பொருள்: இன்ன வீதியின் 1.2 ஆவது கிலோமீற்றரில் உடைந்த மதகு. வீதி பிரதேச சபைப் பதிவேட்டில் உள்ளது. 600 மில்லிமீற்றர் ஹியூம் குழாய்கள் இரண்டு, மேற்குப் பக்கக் குழாய் உடைந்து மண் அடைத்துள்ளது. வீதியின் அகலம் 3 மீற்றர், இப்போது கடக்கக்கூடியது ஒன்றரை மீற்றர். இன்ன திகதியில் சபைக்குப் பதிவுத் தபாலில் எழுதினோம், பிரதி இணைப்பு 1. தொழில்நுட்ப உத்தியோகத்தர் இன்ன திகதியில் பார்வையிட்டார், மதிப்பீடு கிடைக்கவில்லை. கோருவது: மதிப்பீட்டைத் தயாரித்து, அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன் சமர்ப்பிக்கப் பணித்தல்.’

ஒரு கடிதம், ஒரு விடயம், ஒரு பக்கம். கையெழுத்துகள் தனித்தாளில், பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கத்தோடு. படத்தில் ஓர் அளவுநாடா கிடந்தால் நூறு சொல் மிச்சம். தொடர்புக்கு ஒரே ஒருவருடைய தொலைபேசி இலக்கம் போதும். ஐந்து பேருடைய இலக்கம் போட்டால் ஐந்து பேரும் மற்றவருக்கு அழைப்பு வந்திருக்கும் என்று இருந்துவிடுவார்கள். கோரிக்கையில் ‘கட்டித் தரவும்’ என்று எழுதாமல் அடுத்த ஒரு படியை மட்டும் கேளுங்கள். உத்தியோகத்தர் ஒருவருக்கு ‘மதிப்பீடு தயாரி’ என்பது இந்த வாரமே செய்யக்கூடிய வேலை, ‘பாலம் கட்டு’ என்பது இல்லை. மதகென்றால் இன்னொன்றையும் எழுதலாம்: பழைய குழாய் ஏன் உடைந்தது. மாரியில் தண்ணீர் வீதிக்கு மேலால் பாய்ந்திருந்தால் அதே 600 மில்லிமீற்றரைத் திரும்பப் போடுவதில் பயனில்லை, 900 தேவைப்படலாம். வெளிவாயில் பக்கம் மண் அரித்திருந்தால் அங்கே கல்லோ கொங்கிறீட்டோ போட வேண்டும். இதை மதிப்பீட்டுக்கு முன் சொன்னால் செலவு உள்ளே வரும். பிறகு சொன்னால் ‘அடுத்த கட்டம்’ ஆகிவிடும், அடுத்த கட்டம் சுலபத்தில் வருவதில்லை.

எம்.பி. அலுவலகத்தில் கவனிக்க வேண்டியது, உங்கள் கடிதம் பதியப்படுகிறதா என்பது. மோசமான வழக்கம் ஒன்று உண்டு. நீங்கள் நீட்டிய கடிதத்தின் மூலையிலேயே ‘தயவுசெய்து கவனிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, ‘இதைக் கொண்டுபோய் டீ.எஸ். ஒபீசில் (பிரதேச செயலகத்தில்) குடுங்கோ’ என்பார்கள். பார்க்க உற்சாகமாக இருக்கும். ஆனால் எம்.பி.யின் அலுவலகத்தில் அதற்குப் பிரதி இல்லை, இலக்கம் இல்லை. மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கு ஞாபகமும் இல்லை. ஒலிபெருக்கியில் போட்டு உத்தியோகத்தரை எல்லோர் முன்னாலும் ஏசுவது இதைவிட மோசம். நாடகம் நன்றாயிருக்கும், பதிவு எதுவும் மிஞ்சாது, அந்த உத்தியோகத்தர் உங்கள் ஊரை மறக்கவும் மாட்டார். கேளுங்கள்: தனித் தாளில், எம்.பி.யின் கடிதத் தலைப்பில், இலக்கமும் திகதியும் போட்ட முன்னனுப்பல் கடிதம், அதன் ஒரு பிரதி உங்களுக்கு. திருகோணமலை மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டம், நான்கு ஆசனம். சேருவில, மூதூர், திருகோணமலை என்ற மூன்று வாக்களிப்புத் தொகுதிகளில் எதில் இருந்தாலும் நான்கு பேரும் உங்கள் பிரதிநிதிகளே. நான்கு பேரிடமும் கொடுக்கலாம், ஆனால் ‘பிரதி’ என்று கீழே நான்கு பெயரையும் போடுங்கள். ஒளித்துக் கொடுத்தால் ஒரே மதகுக்கு நான்கு கோவை திறக்கும், ஒவ்வொன்றும் மற்றதன் பதிலைக் காத்திருக்கும்.

மொழி பற்றி ஒரு வரி. வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. ஆனாலும் கொழும்பு அமைச்சுக்குப் போகும் கடிதத்தோடு ஒரு சிங்களப் பிரதியையும் வைத்தால் மொழிபெயர்ப்பாளர் மேசையில் அது தூங்காது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக இதை எடுக்க வேண்டியதில்லை, நாட்களை மிச்சம் பிடிப்பதுதான்.

எம்.பி. ஒருவர் உண்மையில் பலத்தோடு நிற்கும் இடம் ஒருங்கிணைப்புக் குழு. மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, மேலே கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மாவட்டக் குழு. வீதி, நீர்ப்பாசனம், மின்சாரம், கல்வி, காணி என்று சகல திணைக்களத்தாரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். மாகாணத்தாரும் வருவார்கள். மாகாண சபை இல்லாத காலத்தில் மத்தியையும் மாகாணத்தையும் ஒருசேர உட்கார வைத்துக் கேட்க எம்.பி.க்கு இருக்கும் ஒரே மேடை இதுதான். ஆனால் அங்கே திடீரென்று எழும்பிக் கேட்கும் கேள்விக்கு ‘தேடிப் பார்த்துச் சொல்கிறேன்’ என்பதே பதில். கூட்டத்துக்கு முன்பே பிரதேச செயலகத் திட்டமிடல் கிளைக்கு எழுத்தில் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் ஏற்றியிருக்க வேண்டும். அப்போது உத்தியோகத்தர் கோவையோடு வருவார். தீர்மானம் கூட்ட அறிக்கையில் ஏறும்போது மூன்று சங்கதி இருக்கிறதா என்று பாருங்கள்: என்ன வேலை, எந்தப் பதவியிலுள்ளவர், எந்தத் திகதிக்குள். ‘சம்பந்தப்பட்டோர் நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று எழுதினால் சம்பந்தப்பட்டோர் எவரும் இல்லை. பழைய கூட்ட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, போனமுறை சொன்னது என்னவாயிற்று என்று வரிசையாகக் கேட்கும் எம்.பி.யே கெட்டிக்காரர். அவர் முகநூலில் அவ்வளவாகத் தெரியமாட்டார்.

பொறுப்பு இரண்டு கைகளுக்கு இடையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கிண்ணியா பார்த்திருக்கிறது. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று காலை, மாற்றாக ஓடிய படகுப் பாதை என்ற மிதவை கவிழ்ந்தது. இறந்தவர்களில் பள்ளிக்குப் போன பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு யார் அனுமதி கொடுத்தது, யார் தடுத்திருக்க வேண்டும் என்று பல அலுவலகங்கள் ஒன்றையொன்று பார்த்தன. பாலம் உடைக்கும் எந்தத் திட்டம் ஒருங்கிணைப்புக் குழுவுக்கு வந்தாலும், வேலை முடியும்வரை மக்கள் எதனால் கடப்பார்கள், அதற்குப் பொறுப்பு யார், பாதுகாப்பு அங்கியும் ஆட்கணக்கும் யார் பார்ப்பது என்பதை எம்.பி. அன்றே கேட்டுப் பதிய வேண்டும்.

பன்முகப்படுத்தப்பட்ட நிதியைப் பற்றித் தப்பபிப்பிராயம் நிறைய. அந்தப் பணம் எம்.பி.யின் கைக்கு வருவதில்லை. அவர் வேலையை முன்மொழிவார், மாவட்டச் செயலகம் ஊடாகப் பிரதேச செயலகம் நடைமுறைப்படுத்தும். சிறு வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஒப்பந்தமாக எடுத்துச் செய்யலாம். அதற்குச் சங்கம் பதிவு புதுப்பித்து, கணக்கறிக்கை கொடுத்து, வங்கிக் கணக்கை உயிரோடு வைத்திருக்க வேண்டும். பணம் ஒதுக்கியும் சங்கத்தின் கணக்கு உறங்கிக் கிடந்ததால் வேலை பக்கத்து ஊருக்குப் போவது புதினமல்ல. அடுத்த சிக்கல் காலம். நிதியாண்டு டிசெம்பர் 31 இல் முடியும், செலவாகாதது திறைசேரிக்குத் திரும்பும். எங்கள் பக்கம் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ தொடங்கிவிடும். ஒதுக்கீட்டுக் கடிதம் ஓகஸ்ட்டில் வந்தால், மதிப்பீடு, அனுமதி, ஒப்பந்தம் முடிய ஒக்டோபர். மழைக்குள் கொங்கிறீட் போட்டு, பதமாக நனைத்து இறுக விடாமல் வாகனம் ஓட்டி, சித்திரைக்குள் வெடித்த ஒழுங்கைகள் வேண்டுமளவு. ஆகவே முன்மொழிவு ஜனவரி, பெப்ரவரியிலேயே எம்.பி. கையில் இருக்க வேண்டும், மதிப்பீட்டோடு. திணைக்களத்தின் சொந்தப் பணத்தில் பெரிய வேலை வேண்டுமென்றால் இன்னும் முந்த வேண்டும். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளை அவர்கள் நடு ஆண்டிலேயே தயாரிக்கத் தொடங்குவார்கள்.

சபைக்குள் என்ன செய்யலாம்? வாய்மூலக் கேள்விக்கு அமைச்சர் தரும் பதில் ஹன்சாட் என்ற நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறும், பிறகு மறுக்க முடியாது. ஆகவே கேள்வி துல்லியமான எண்களைக் கேட்க வேண்டும்: எத்தனை வெற்றிடம், எவ்வளவு ஒதுக்கீடு, எந்தத் திகதி. ‘அமைச்சர் அறிவாரா’ என்று மட்டும் கேட்டால் ‘ஆம்’ என்று உட்கார்ந்துவிடலாம். அமைச்சுசார் ஆலோசனைக் குழு வெளியே தெரியாத இடம், ஆனால் அங்கே அமைச்சின் செயலாளரும் திணைக்களத் தலைவரும் எதிரில் இருப்பார்கள். மீன்பிடித் துறைமுகம், சுருக்கு வலை, யானை வேலி போன்ற மத்திய விடயங்களுக்குச் சபையில் முழங்குவதைவிட அங்கே பேசுவது பலன் தரும். தனி ஒருவருக்கு நிர்வாகம் அநீதி செய்திருந்தால், ஓய்வூதியம் மறுப்பு, பதவி நீக்கம் போன்றவற்றில், பொது மனுக்கள் பற்றிய குழு இருக்கிறது. அதற்கு மனுவை எம்.பி. ஒருவர் சமர்ப்பிக்க வேண்டும். எந்த எம்.பி.யும் செய்யலாம், மாவட்டத்தவராய் இருக்க வேண்டுமென்றில்லை. வழக்கில் இருக்கும் விடயத்தைக் குழு தொடாது.

இனி வரும் பதில்கள். ‘தங்கள் கடிதம் உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்றால் கோவை கைமாறியிருக்கிறது, அனுப்பப்பட்ட இடத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு அங்கே தொடருங்கள். ‘நிதி கிடைக்கும் பட்சத்தில் பரிசீலிக்கப்படும்’ என்பது நல்ல பதில்: வேலையின் தேவையை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இப்போது எம்.பி.யிடம் நிதிக்கு மட்டும் போகலாம். ‘எமது நியாயாதிக்கத்துக்கு உட்பட்டதல்ல’ என்றால் யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள்.

பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். திணைக்களத்துக்கும் மாகாண அமைச்சுக்கும் பிரதேச சபைக்கும் அது பொருந்தும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அது தகவலல்ல. ‘இன்ன மதகின் மதிப்பீட்டின் பிரதி’, ‘இன்ன கூட்ட அறிக்கையின் இன்ன இலக்கத் தீர்மானத்துக்கு அனுப்பிய முன்னேற்ற அறிக்கையின் பிரதி’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். கிடைத்த தாளை எம்.பி.யிடம் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் அவர் ஊகத்தில் பேசமாட்டார்.

கடைசியாக, இடமாற்றம். அரச ஊழியர் தன் சேவை விடயத்தில் வெளிச் செல்வாக்கைக் கொண்டுவருவதைத் தாபனக் கோவை என்ற அரச சேவை விதித்தொகுப்பு தடுக்கிறது. எம்.பி.யின் கடிதம் சுயவிபரக் கோவையில் ஏறினால் அது பிறகு உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படலாம். இடமாற்றச் சபைக்கு நீங்களே மேன்முறையிடுங்கள், மருத்துவச் சான்றோடு. பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை என்பதற்குப் பெற்றோர் எம்.பி.யிடம் போகலாம். அப்போதும் ஆசிரியரின் பெயரை எழுதாமல், பாடம், வகுப்பு, அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, இப்போதுள்ள எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள்.